குடியை விட்ட பிறகு எடுக்கும் மருந்துகள்: முன்பே யாராவது எனக்குச் சொல்லியிருக்க வேண்டியவை

குடிநோய்க்கு மருந்து உண்டு என்பதையும், அது ஒன்றல்ல பல என்பதையும், ஒன்று ஒத்துவராவிட்டால் இன்னொன்றை முயன்று பார்க்கலாம் என்பதையும் யாராவது ஒருவர் தொடக்கத்திலேயே என்னை உட்காரவைத்துச் சொல்லியிருந்தால், என் வாழ்க்கையில் சில ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும். அந்த ஆண்டுகளில் ஒரு நல்ல வேலை போனது, சேமிப்பு கரைந்தது, திருமண வாழ்க்கை முறிந்து நான் தனியாக வசிக்க நேர்ந்தது. மருந்து எட்டாத இடத்தில் இருந்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தும் அதைப் பற்றிய விவரம் மட்டும் வந்து சேரவில்லை என்பதை இப்போது நினைத்தாலும் எனக்குத் தாங்க முடியவில்லை. வேறொருவருக்கு அந்த அலைச்சல் நேரக்கூடாது என்பதற்காக, நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். இங்கே சொல்லும் எதுவும் உங்கள் மருத்துவரின் முடிவுக்கு மாற்றாகாது. அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதற்கு இது உதவினால் போதும்.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். நான் எழுதப்போகும் மருந்துகள், நிறுத்திய பிறகு மீண்டும் தொடங்கிவிடாமல் நிலைத்திருப்பதற்கானவை. குடியை நிறுத்துகிற அந்த முதல் சில நாட்களுக்கு வேறு மருத்துவம் இருக்கிறது. நாள்தோறும் அதிகமாகக் குடித்துப் பழகிய உடல், மது கிடைக்காமல் போன சில மணி நேரத்திலேயே தவிக்கத் தொடங்கிவிடும். கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை ஆகியவை முதலில் வரும். கடைசியாகக் குடித்ததிலிருந்து 6 முதல் 48 மணி நேரத்துக்குள் சிலருக்கு வலிப்பு வருகிறது. 48 முதல் 96 மணி நேரத்துக்குள் காய்ச்சலும் மனக்குழப்பமும், இல்லாதவை கண்ணுக்குத் தெரிவதுமான ஒரு நிலை சிலருக்கு உண்டாகிறது. கவனிக்காமல் விட்டால் அது உயிரையே எடுத்துவிடும். இவற்றில் எதுவும் தெரியாமல்தான் நான் வீட்டில் தனியாக இருந்தபடி நிறுத்த முனைந்தேன். மறுநாள் காலையில் டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்தும், தண்ணீர் வாய்க்கு வருவதற்குள் பாதிக்கு மேல் சட்டையில் கொட்டியது. அன்று மாலைக்குள் என் அக்கா வந்து என்னை மருத்துவமனையில் சேர்த்துவிட்டதால் பிழைத்தேன் என்றே சொல்ல வேண்டும்.

அங்கே சில நாட்கள் நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் அமைதியூட்டி மருந்தைக் கொடுத்து, அளவை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வந்தார்கள். டயசெபாம், குளோர்டயசெபாக்சைடு போன்றவை இதற்குப் பயன்படுபவை. இவை பழக்கமாகக்கூடியவை என்பதால் குறுகிய காலத்துக்கு மட்டுமே, கண்காணிப்பில் தரப்படுகின்றன. கடையில் தாமாக வாங்கிப் போட்டுக்கொள்ளும் மாத்திரைகள் அல்ல. கூடவே தயமின் எனப்படும் வைட்டமின் பி1 ஊசியாகப் போட்டார்கள். நீண்ட காலம் குடித்தவர்களின் உடலில் இந்தச் சத்து வற்றிப்போயிருக்கும். அது மிகவும் குறைந்தால் நடை தள்ளாடி, பார்வை குழம்பி, நினைவாற்றல் நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். குடியை நிறுத்தப் போகிறீர்கள் என்றால், எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் குறைக்காமல் சொல்லுங்கள். முன்பு எப்போதாவது நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். வீட்டிலிருந்தே நிறுத்தலாமா, மருத்துவமனையில் சேர வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்வது இந்த விவரங்களை வைத்துத்தான்.

உடல் தெளிந்து வீட்டுக்குக் கிளம்பும் நாளில் ஓர் அட்டை மாத்திரையைக் கையில் கொடுத்தார்கள். அதன் பெயர் டைசல்ஃபிரம். “இதைப் போட்டால் குடிக்க முடியாது” என்ற ஒற்றை வாக்கியம்தான் எனக்குக் கிடைத்த மொத்த விளக்கம். வரிசையில் எனக்குப் பின்னால் பலர் காத்திருந்தார்கள். நானும் அவமானத்தில் தலைகுனிந்து நின்றதால் எதையும் கேட்கத் தோன்றவில்லை. குடிநோயாளிக்குக் கேள்வி கேட்கும் உரிமை இல்லை என்ற எண்ணம் நம்மிடமும் இருக்கிறது, எதிரில் இருப்பவரிடமும் இருக்கிறது. அந்த எண்ணத்தால் எனக்கு நேர்ந்த இழப்பு மிகப் பெரியது.

டைசல்ஃபிரம் எப்படி வேலை செய்கிறது என்பதை நான் பின்னாளில்தான் தெரிந்துகொண்டேன். நாம் குடிக்கும் மது கல்லீரலில் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளாக மாறுகிறது. பிறகு ஒரு நொதி அதைத் தீங்கற்ற பொருளாக மாற்றிவிடுகிறது. டைசல்ஃபிரம் அந்த நொதியை முடக்கிவிடும். ஆகவே இந்த மாத்திரையை எடுத்துக்கொண்டிருப்பவர் மது அருந்தினால் நச்சு உடலில் தேங்கி, முகம் சிவந்து, தலை தெறித்து, நெஞ்சு படபடத்து, வாந்தியும் மூச்சுத்திணறலும் வந்து, இரத்த அழுத்தம் சரியும். 1930களில் ரப்பர் தொழிலுக்கான இரசாயன ஆலை ஒன்றில் இதையொத்த பொருளோடு வேலை செய்தவர்களுக்கு மது ஒத்துக்கொள்ளாமல் போனதை ஆலை மருத்துவர் ஒருவர் கவனித்துப் பதிவுசெய்தார். 1940களில் கோபன்ஹேகனில் ஆராய்ச்சியாளர்கள் இதைக் குடிநோய்க்கான மருந்தாக முன்வைத்தார்கள். 1951இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. அதாவது, இந்த மருந்து மதுவின் மீதுள்ள ஏக்கத்தைத் தொடுவதே இல்லை; குடித்தால் என்ன ஆகும் என்ற அச்சத்தைக் கொண்டு தடுக்கிறது. இது எனக்குத் தெரிந்திருந்தால், மாத்திரையைப் போட்ட பிறகும் சாயங்காலமானால் மனம் ஏன் அப்படி அலைபாய்கிறது என்று என்னை நானே சபித்துக்கொண்டு இருந்திருக்க மாட்டேன்.

மருத்துவமனையிலிருந்து வந்த சில வாரங்களில் எனக்குச் சளியும் இருமலும் பிடித்தன. வீட்டில் இருந்த இருமல் மருந்தை மூடியில் ஊற்றிக் குடித்தேன். கொஞ்ச நேரத்தில் காதுமடல்கள் தீப்பற்றியது போல் எரியத் தொடங்கின. கண்ணாடியில் பார்த்தால் கழுத்து வரை செக்கச்சிவந்திருந்தது. நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் உட்கார முடியாமல் தரையில் படுத்துவிட்டேன். மாரடைப்பு என்றுதான் நினைத்தேன். கதவுத் தாழ்ப்பாளை எட்டித் திறந்து வைத்தால் யாராவது என்னைக் கண்டுபிடிப்பார்கள் என்று தோன்றியது, ஆனால் எழ முடியவில்லை. ஓரிரு மணி நேரத்தில் அது தணிந்தது. பிறகுதான் அந்தப் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து, பொடி எழுத்தில் இருந்த சேர்மானங்களைப் படித்தேன். அதில் ஆல்கஹால் இருந்தது. குடிக்கவே குடிக்காமல் இருந்தவனுக்குக் குடித்ததற்கான தண்டனை கிடைத்ததாக உணர்ந்தேன். அன்று இரவே மாத்திரை அட்டையைத் தூக்கி எறிந்தேன்.

டைசல்ஃபிரம் கெட்ட மருந்து என்று நான் சொல்லவில்லை. கூடவே ஒருவர் இருந்து, நாள்தோறும் கண்ணெதிரில் மாத்திரையைப் போடவைத்து, எடுப்பவரும் மனமொப்பி எடுத்தால் அது நன்றாகவே துணைநிற்கிறது. அப்படி நிமிர்ந்தவர்களை நான் பிறகு சந்தித்திருக்கிறேன். ஆனால் அதைத் தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை நிறைய உண்டு. கடைசியாகக் குடித்து குறைந்தது 12 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரங்கள் வரை அதன் விளைவு உடலில் இருக்கும். ஆகவே நேற்று விட்டுவிட்டேன், இன்று குடிக்கலாம் என்ற கணக்கு ஆபத்தானது. இருமல் மருந்து, வாய் கொப்பளிக்கும் திரவம், சில சத்து டானிக்குகள், மது சேர்த்துச் சமைத்த உணவு ஆகிய எல்லாவற்றிலும் சேர்மானத்தைப் படிக்க வேண்டும். சவரத்துக்குப் பின் பூசும் திரவமும் கைகளுக்கான கிருமிநாசினியும்கூடச் சிலருக்குத் தொல்லை தருகின்றன. இதய நோய் உள்ளவர்களுக்கும், மனச்சிதைவு போன்ற தீவிர மனநோய் உள்ளவர்களுக்கும் இது ஏற்றதல்ல. வயிற்றுக் கிருமிகளுக்கும் பல் தொற்றுக்கும் அடிக்கடி எழுதப்படும் மெட்ரோனிடசோல் மாத்திரையை இதனோடு சேர்த்து எடுக்கக் கூடாது, மனக்குழப்பம் வரும். அரிதாக இது கல்லீரலைக் கடுமையாகத் தாக்கும் என்பதால், தொடங்கும் முன்பும் தொடங்கிய சில வாரங்களிலும் கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை தேவை. கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் கருத்தாலோ அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்த மாத்திரையை எடுப்பவர் என்று எழுதிய சீட்டு ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருப்பது நல்லது. என்னைப் போல் தனியாக வசிப்பவருக்கு இது பொருத்தமான முதல் மருந்துதானா என்ற கேள்வியை யாராவது அன்று எழுப்பியிருக்க வேண்டும்.

மாத்திரையை விட்ட பின் கொஞ்ச நாள் வீம்பிலேயே குடிக்காமல் இருந்தேன். பிறகு தொடங்கிவிட்டது, தொடங்கிய வேகத்தில் பழைய அளவையும் தாண்டிவிட்டது. மருந்தும் கைவிட்ட கேஸ் என்று என்னைப் பற்றி நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். இழந்த ஆண்டுகள் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அவை இவைதான். இந்தக் காலத்தில் அக்காவிடம் யாரோ, குடிப்பவருக்குத் தெரியாமலே உணவில் கலந்து கொடுக்கும் மருந்து ஒன்றைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல வேளையாக அவர் என்னிடம் கேட்டுவிட்டார். வீட்டில் இருப்பவர்களிடம் நான் கையெடுத்துக் கேட்டுக்கொள்வது இது: அப்படி எதையும் செய்துவிடாதீர்கள். அந்தப் பொடியில் டைசல்ஃபிரம் இருந்தால், விவரம் அறியாமல் அதைத் தின்றுவிட்டு வழக்கம்போல் மூக்குமுட்டக் குடிக்கிற மனிதர் உயிரிழக்கக்கூடும். அதில் அது இல்லாவிட்டால் உங்கள் பணம்தான் பாழ். பிழைத்தாலும், உண்மை தெரிய வரும் நாளில் அவர் உங்கள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்.

என்னைக் காப்பாற்றியது ஒரு மனநல மருத்துவர் கேட்ட கேள்வி. வேலை போன பிறகு, தூக்கமே வராததால் தூக்க மாத்திரை கேட்டுத்தான் அவரிடம் போனேன். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, “குடிக்காமல் இருக்கும்போது உங்களை மறுபடியும் அந்தப் பக்கம் இழுப்பது எது? முதல் மிடறு உள்ளே போனதும் கிடைக்கும் அந்த இன்பமா, அல்லது குடிக்காவிட்டால் இருப்புக்கொள்ளாமல் தவிக்கும் அந்தத் தவிப்பா?” என்று கேட்டார். அத்தனை ஆண்டுகளில் ஒருவர்கூட என்னிடம் இதைக் கேட்டதில்லை. ஏன் விட மாட்டேன் என்கிறாய் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். நான் வெகுநேரம் யோசித்து, முதல் மிடறுதான் என்றேன். இன்பத்துக்காக இழுக்கப்படுபவர்களுக்கு நால்ட்ரெக்ஸோன் பொருந்தக்கூடும் என்றும், தவிப்பைத் தணிக்கக் குடிப்பவர்களுக்கு அகாம்ப்ரோசேட் பொருந்தக்கூடும் என்றும், இது எல்லோருக்கும் அப்படியே பொருந்திவிடும் விதி அல்ல என்றும் அவர் விளக்கினார். டைசல்ஃபிரம் தவிர வேறு மருந்துகள் இருக்கின்றன என்பதை நான் கேள்விப்பட்டது அந்த அறையில்தான்.

மது உள்ளே போனதும் மூளை தன்னிடமுள்ள இயற்கையான இன்ப வேதிப்பொருட்களை வெளியிடுகிறது. அவை சென்று பொருந்தும் ஏற்பிகளில் நால்ட்ரெக்ஸோன் முன்கூட்டியே போய் அமர்ந்துகொள்கிறது; பூட்டின் துவாரத்தில் வேறொரு சாவி செருகியிருந்தால் சரியான சாவி உள்ளே போகாது, அப்படித்தான். குடித்தாலும் அந்தப் பழைய கிளர்ச்சி கிடைப்பதில்லை, அடுத்த கோப்பையைத் தேடும் வெறியும் மெல்ல மெல்ல மங்குகிறது. இந்த மருந்து 1984இல் அமெரிக்காவில் அபின் வகைப் போதைக்கு அனுமதிக்கப்பட்டு, 1994இல் குடிநோய்க்கும் அனுமதிக்கப்பட்டது. அந்த ஆண்டைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நான் முதல் கோப்பையைத் தொடுவதற்கு முன்பே இந்த மருந்து உலகத்தில் இருந்திருக்கிறது.

எனக்கு முதல் சில நாட்கள் பாதி மாத்திரையும், பிறகு வழக்கமான அளவான நாளொன்றுக்கு 50 மில்லிகிராமும் தரப்பட்டது. முதல் வாரம் குமட்டலும் தலைவலியும் இருந்தன. உணவுக்குப் பின் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அப்படிச் செய்ததும் குமட்டல் பெருமளவு குறைந்தது. பலர் இந்த முதல் வாரத்திலேயே மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடுகிறார்களாம். சற்றுப் பொறுத்தால் பெரும்பாலானவர்களுக்கு அது அடங்கிவிடும். இதற்கும் கல்லீரல் பரிசோதனை உண்டு. என் கல்லீரல் அளவுகள் சற்றுக் கூடுதலாகவே இருந்தன, ஆனால் தடையாகும் அளவுக்கு இல்லை என்று சொல்லி, இடைவெளி விட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். குடியை முழுவதும் நிறுத்தியிராதவர்களுக்கும் இதைத் தொடங்கலாம் என்பது டைசல்ஃபிரத்திலிருந்து பெரிய வேறுபாடு. நாள்தோறும் மாத்திரையை நினைவுவைத்துப் போட முடியாதவர்களுக்கு நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடும் 380 மில்லிகிராம் ஊசி வடிவமும் இருக்கிறது. எனக்கு மாத்திரையே போதும் என்றாயிற்று. அக்கா இரவுதோறும் அழைத்து, “மாத்திரை போட்டாச்சா தம்பி?” என்று கேட்பார். நான் வாயைத் திறந்து நாக்கைக் காட்டும் வரை வீடியோ அழைப்பைத் துண்டிக்க மாட்டார். முதலில் கூச்சமாக இருந்த அந்த அழைப்புக்காக, போகப் போக நான் காத்திருக்கத் தொடங்கினேன்.

நால்ட்ரெக்ஸோன் எடுப்பவர்கள் மறக்கவே கூடாத ஒன்று உண்டு. அபின் வகையைச் சேர்ந்த எந்த வலிநிவாரணியும் இதனோடு சேராது. கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிய அன்று, பல் மருத்துவர் வலிக்கு எழுதிய சீட்டில் டிராமடால் இருந்தது. நான் என்ன மருந்து எடுக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. மனநல மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்த சீட்டை எடுத்து நீட்டினேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் அந்த வரியை அடித்து வேறு மருந்து எழுதினார். நால்ட்ரெக்ஸோன் உடலில் இருக்கும்போது டிராமடால், கோடீன், மார்ஃபின் போன்றவை வலியைத் தணிக்காது. வலி போகவில்லையே என்று கூடுதலாக விழுங்குவது உயிருக்கு ஆபத்து. ஏற்கெனவே அவற்றை வழக்கமாக எடுத்துக்கொண்டிருப்பவர் நால்ட்ரெக்ஸோனைப் போட்டால் திடீரென்று கடுமையான விலகல் அறிகுறிகள், அதாவது பழகிய பொருள் கிடைக்காமல் உடல் படும் தவிப்பு, வரும். ஆகவே தொடங்குவதற்கு முன் 7 முதல் 10 நாட்களாவது அவற்றிலிருந்து விலகியிருக்க வேண்டும். கோடீன் சேர்ந்த இருமல் மருந்தும் இந்தக் கணக்கில் அடங்கும். அறுவை சிகிச்சை ஏதாவது திட்டமிட்டிருந்தால் முன்கூட்டியே இரு மருத்துவர்களையும் பேசவையுங்கள். விபத்தில் நினைவிழந்து கிடந்தாலும் பிறர் கண்ணில் படும்படி, மருந்தின் பெயர் எழுதிய சீட்டைப் பணப்பையில் வையுங்கள்.

முதல் சில மாதங்களிலேயே ஒருமுறை குடித்தேன். பழைய நண்பர் ஒருவரின் இறப்புச் செய்தி வந்த இரவு அது. டைசல்ஃபிரத்தில் நேர்ந்தது போல் உடல் எதுவும் செய்யவில்லை. நால்ட்ரெக்ஸோன் குடித்தவரை நோயாளியாக்குவதில்லை, போதையையும் தடுப்பதில்லை. மருந்து எடுக்கிறோம் என்ற தைரியத்தில் குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் ஆபத்து எப்போதும் போலவேதான் இருக்கும். ஆனால் அன்று வழக்கமாகத் தலைக்கு ஏறும் அந்த வெதுவெதுப்பு வரவே இல்லை. பாட்டிலில் மீதி இருந்தும் தொடர வேண்டும் என்ற உந்துதல் இல்லாமல் மூடி வைத்ததை, என் வாழ்க்கையில் அதற்கு முன் நான் அறிந்ததில்லை. மறுநாள் மருத்துவரிடம் நடுங்கிக்கொண்டே சொன்னேன். அவர் மருந்தை நிறுத்தவில்லை. நால்ட்ரெக்ஸோனாக இருந்தாலும் அகாம்ப்ரோசேட்டாக இருந்தாலும் ஒருமுறை சறுக்கியதற்காக விட்டுவிடக் கூடாது, சறுக்கலைச் சொல்ல வேண்டும், மருந்தைத் தொடர வேண்டும் என்றார். நான் வெளியேற்றப்படுவேன் என்று அஞ்சிப் போன இடத்தில் இது நடந்ததால், வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

இரண்டாவது ஆண்டில் தவிப்பு வேறு வடிவம் எடுத்தது. குடிக்கும் ஆசை இல்லை, ஆனால் இரவெல்லாம் புரண்டு புரண்டு படுப்பதும் காரணமில்லாத பதற்றமுமாக இருந்தது. அப்போது அகாம்ப்ரோசேட்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். நீண்ட காலக் குடியால் மூளையில் கிளர்ச்சியூட்டும் வேதிப்பொருட்களுக்கும் அமைதிப்படுத்துபவற்றுக்கும் இடையே குலைந்துபோன சமநிலையை மீட்க இது துணைசெய்வதாகக் கருதப்படுகிறது. பிரான்ஸில் 1989 முதலும் அமெரிக்காவில் 2004 முதலும் இது பயன்பாட்டில் இருக்கிறது. 333 மில்லிகிராம் மாத்திரைகள் இரண்டிரண்டாக ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஆக ஆறு மாத்திரைகள். காலையும் இரவும் தவறுவதில்லை. பகல் வேளைதான் தவறும். கைபேசியில் மணி வைத்துக்கொண்ட பிறகே எனக்கு அது ஒழுங்குக்கு வந்தது. தொடக்கத்தில் வயிற்றுப்போக்கு சில நாட்கள் இருந்தது. இந்த மருந்து கல்லீரலில் சிதையாமல் சிறுநீரகத்தின் வழியாக வெளியேறுகிறது. ஆகவே கல்லீரல் கெட்டுப்போனவர்களுக்கு இது பெரும்பாலும் முதலில் எண்ணப்படும் மருந்தாக இருக்கிறது. சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும், அல்லது தரவே கூடாது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனை இல்லாமல் யாராவது இதை எழுதினால், அந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

சிலருக்கு பேக்லோஃபென் என்ற மருந்தும் தரப்படுகிறது. 2018இல் பிரான்ஸ் இதைக் குடிநோய்க்கு முறைப்படி அனுமதித்தது. நான் அதை எடுத்ததில்லை. அதைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரை போகலாம், மருத்துவர் சொல்லி மெல்லக் குறைத்தே விட வேண்டும் என்பதை மட்டும் எடுப்பவர்கள் நினைவில் கொள்ளுங்கள்.

நான் போய்க்கொண்டிருந்த ஓர் ஆதரவுக் குழுவில் மூத்தவர் ஒருவர், மாத்திரை போட்டு நிறுத்துவது நிறுத்தியதாகாது, ஒரு போதையை விட்டு இன்னொரு போதையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். அன்று இரவு மாத்திரை என் கையிலேயே வெகுநேரம் இருந்தது. அக்காவின் அழைப்பு வராமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. டைசல்ஃபிரம், நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் ஆகிய மூன்றுமே போதை தருபவை அல்ல, பழக்கமாகக்கூடியவையும் அல்ல. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எடுப்பவரை யாரும் மனவலிமை இல்லாதவர் என்று பழிப்பதில்லை. 2023இல் உலக சுகாதார அமைப்பு தன் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் நால்ட்ரெக்ஸோனையும் அகாம்ப்ரோசேட்டையும் குடிநோய்க்காகச் சேர்த்திருக்கிறது. குழுவால் எனக்குப் பல நன்மைகள் கிடைத்தன, இன்றும் கிடைக்கின்றன. சாயங்காலங்களை எப்படிக் கடப்பது என்பதை நான் அங்கேதான் கற்றேன். ஆனால் மருந்தைத் தொடர்வதா விடுவதா என்பதை மருத்துவரைத் தவிர வேறு யாரும் முடிவு செய்ய இடம் கொடுக்காதீர்கள்.

மருந்து எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 2023இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு 118 மருத்துவச் சோதனைகளை, ஏறத்தாழ 21,000 பேரின் விவரங்களோடு ஆராய்ந்தது. அதன்படி, மருந்தில்லா வெற்று மாத்திரையோடு ஒப்பிடுகையில், 11 பேருக்கு அகாம்ப்ரோசேட் கொடுத்தால் அவர்களில் கூடுதலாக ஒருவர் மீண்டும் மதுவைத் தொடாமல் காக்கப்படுகிறார். நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் நால்ட்ரெக்ஸோன் என்றால் அதற்கு 18 பேருக்குக் கொடுக்க வேண்டும். மிதமிஞ்சிய குடிக்குத் திரும்பாமல் தடுப்பதில் நால்ட்ரெக்ஸோனுக்கும் அந்த எண் 11தான். இதைப் படித்துவிட்டு இவ்வளவுதானா என்று ஒருவர் சோர்ந்துபோகலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. நாள்பட்ட நோய்களுக்குப் பரவலாகத் தரப்படும் மருந்துகள் பலவற்றின் பயன், இதே கணக்கில் பார்த்தால், இதைவிடச் சிறியது. அதே சமயம், மாத்திரையை மட்டும் நம்பி, கவுன்சலிங்குக்குப் போகாமலும் பழைய சூழலை மாற்றாமலும் இருந்தால் அது தனியாக எல்லாவற்றையும் செய்துவிடாது என்பதையும் இந்த எண்கள் சொல்கின்றன.

எவ்வளவு காலம் எடுப்பது என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள். குறைந்தது ஆறு மாதங்கள், பெரும்பாலும் ஓராண்டு, தேவைப்பட்டால் அதற்கும் மேல் என்று என்னிடம் சொன்னார்கள். நல்லபடியாக இருக்கிறோம் என்ற நம்பிக்கை வந்த உடனே நிறுத்தும் ஆசை வரும். அந்த நம்பிக்கையைத் தந்ததில் மருந்துக்கும் பங்கு இருக்கிறது. என் விஷயத்தில் அகாம்ப்ரோசேட்டை முதலில் நிறுத்தி, சில மாதங்கள் பார்த்த பிறகு, மருத்துவரோடு பேசி நால்ட்ரெக்ஸோனையும் நிறுத்தினோம். இந்த இரண்டையும் நிறுத்தும்போது விலகல் அறிகுறிகள் எதுவும் வரவில்லை. நிறுத்தியதைத் தேதியோடு குறித்து வைக்கச் சொன்னார். தூக்கம் கெடுவது, பழைய நண்பர்களின் எண்ணைத் தேடுவது, அக்காவின் அழைப்பை எடுக்காமல் தவிர்ப்பது என்று எனக்கே உரிய முன்னறிகுறிகளை என் கையாலேயே அதன் கீழே எழுதவைத்தார். இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் அடுத்த சந்திப்பு நாளுக்காகக் காத்திராமல் வந்து மருந்தை மறுபடி தொடங்கலாம், அதற்காக எந்த விளக்கமும் தர வேண்டியதில்லை என்று சொல்லி, அந்தத் தாளின் நகல் ஒன்றை அக்காவுக்கும் அனுப்பிவைக்கச் சொன்னார். அனுப்பிவிட்டேன்.